நார்த்தங்காய் கேட்ட மகள்

மில் வாசலில் பெண்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் என் வேலை. வேடசந்தூர் பக்கம் இருக்கும் ஒரு நூற்பாலை. ஷிப்ட் முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து என் முன்னால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்பார்கள். இடுப்பைத் தடவிப் பார்த்து, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்து, பையைக் கவிழ்த்துப் பார்த்து அனுப்புவேன். நூல் கண்டை எங்கே செருகுவார்கள், செல்போனை எங்கே மறைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதையே பல வருஷம் செய்ததில், வீட்டுக்குப் பால் ஊற்ற வருகிறவரின் கேனைக்கூட எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. யாராவது சிரித்துக்கொண்டே வந்தால் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பேன். கெட்ட புத்தி என்பாள் என் அக்கா. இருந்துவிட்டுப் போகட்டும். கெட்ட புத்தி இல்லாதவளை அந்த வாசலில் நிறுத்தியிருந்தால் மில்லே பஸ் ஏறிப் போயிருக்கும்.

என் மகளின் பையை மட்டும் நான் திறந்ததில்லை. பள்ளிக்கூடப் பை, கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போன பெட்டி, லீவுக்கு வரும்போது தோளில் தொங்கும் பை, எதையும் தொட்டதில்லை. இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் இருப்பேன். எல்லாரையும் சந்தேகப்படுகிறவளுக்கு ஓர் இடத்திலாவது கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் இல்லையா? எனக்கு அந்த இடம் அவள்தான். அவளையும் சந்தேகப்பட வேண்டி வந்தால் அப்புறம் எனக்கென்று இந்த எரியோடு ஊரில் ஒன்றும் இல்லை.

அவளுடைய அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தார். தங்கமான மனுஷன் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் அவரோடு குடித்தனம் நடத்தவில்லை. சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும், நான் அடுப்படியில் இருந்துகொண்டே மகளை அனுப்புவேன். “போயி அப்பாவைக் கட்டிப்பிடிச்சிட்டு வாத்தா.” ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். திரும்பி வந்து, குடித்திருக்கிறாரா என்பதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையை ஆட்டுவாள். அன்றைக்கு நான் வாயைத் திறப்பதா, மூடிக்கொண்டு சோற்றைப் போடுவதா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கொய்யா இலையை மென்றுவிட்டு வருவார், பாக்குப் போட்டுக்கொண்டு வருவார், ஒருநாள் பச்சை வெங்காயத்தைக் கடித்துவிட்டு வந்தார். என் மகளிடம் எதுவும் பலிக்காது. “மேல கொய்யா எல இருக்கும்மா. அடியில அதுதான் இருக்கு” என்று வந்து சொல்வாள். பிள்ளை எவ்வளவு சூட்டிகை பார் என்று அக்காவிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அவர் போன பிறகு, இந்த வீட்டு வாசப்படியை ஒரு பாட்டில் தாண்டக் கூடாது என்று சட்டம் வைத்தேன். விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்களைக்கூட வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டுமே, யார் வேண்டாம் என்றது!

மகள் கெமிஸ்ட்ரி படித்தாள். முடித்ததும் கோவாவில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். அம்புட்டுத் தூரத்தில் என்ன வேலை என்று கேட்டேன்.

“வாசனை எடுக்குற கம்பெனிம்மா. பூ, பழத்தோலு, வேரு, இதுல இருந்தெல்லாம் வாசனையைத் தனியாப் பிரிச்சு எடுப்போம்.”

“அத்தர் மாதிரியா?”

“அந்த மாதிரின்னு வச்சுக்கயேன்.”

இந்த ‘வச்சுக்கயேன்’ எனக்கு அப்போதே இடித்தது. மில் வாசலில் முழுப் பொய் சொல்கிறவர்களைச் சுலபமாகப் பிடித்துவிடலாம். பாதி உண்மையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் சொன்னது என் மகள். காதில் போட்டுக்கொண்டதோடு சரி.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒருநாள் போன் செய்தாள். “அம்மா, குளிக்கிற ரூமுக்குப் பின்னாடி இருக்குற நார்த்தை காய்ச்சிருக்கா?”

குளித்த தண்ணீர் ஓடும் வழியில் தானாக முளைத்து வளர்ந்த மரம் அது. யாரும் அதற்கென்று ஒரு குடம் ஊற்றியதில்லை. காய் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். சின்ன வயதில் நார்த்தங்காய் ஊறுகாயைத் தட்டோரம் வைத்தாலே முகத்தைச் சுளித்து ஒதுக்குகிறவள் இவள். இப்போது ஒரு பெட்டி நிறைய அனுப்பச் சொன்னாள். ஊறுகாயாக வேண்டாமாம், காயாகவே வேண்டுமாம், கூடவே கொஞ்சம் இலையும் வேண்டுமாம். அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து எலுமிச்சை கேட்டாள். பிறகு நெல்லிக்காய். பிறகு, பச்சைப் புளியங்காய் கிடைக்குமா என்றாள்.

பக்கத்துத் தெருவில்தான் அக்கா வீடு. அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“கேக்குறதெல்லாம் புளிப்பாவே கேக்குறாளேடி.”

“அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? ஏன்டி, நீ புள்ள பெத்தவதானே? முழுகாம கிழுகாம இருக்காளா என்னன்னு கேளு.”

 கல்யாணம் ஆகாத பெண். மொழி தெரியாத ஊர். “வாயைக் கழுவுக்கா” என்று சத்தம் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, அவளை வயிற்றில் சுமந்தபோது நான் திருட்டுத்தனமாகப் புளியை உருட்டி உப்பில் தொட்டுத் தின்றதெல்லாம் ஞாபகம் வந்து தொலைத்தது. சந்தேகம் எனக்குத் தொழில். ஆனால் அன்றைக்கு அது வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

அதற்கப்புறம் வீடியோவில் பேசும்போதெல்லாம் அவள் பேசுவதை எங்கே கேட்டேன்? முகம் உப்பியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது பார்த்தாலும் தொளதொளவென்று ஒரு வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். “எந்திரிச்சு நில்லுத்தா, ஆள் எப்படி இருக்கேன்னு பாப்போம்” என்றால், “வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவாள். சாப்பிட்டாயா என்றால், காரம் சேர்ப்பதில்லை என்பாள். திண்டுக்கல் பக்கத்தில் பிறந்த பிள்ளை காரம் சேர்ப்பதில்லையாம்! யாரிடம் காது குத்துகிறாள்?

ஊருக்கு வருகிறேன் என்று அவளாகவே சொன்னபோது பாதி உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாக்கியத்தில் மறுபடி போய்விட்டது. தனியாக வரவில்லையாம். கோவாவில் பெரிய ரெஸ்டாரெண்டு நடத்தும் ஒருவரோடும், சாப்பிடுவதற்கென்றே ஊர் ஊராகப் போகும் மூன்று பேரோடும் வருகிறாளாம். ஒருநாள் திண்டுக்கல் டவுனில் பிரியாணி சாப்பிடுவார்களாம். மறுநாள் மத்தியானம் நம் வீட்டுத் தென்னை மரத்தடியில், அந்த ரெஸ்டாரெண்டுக்காரரே இந்த ஊர்ச் சாமான்களை வைத்துச் சமைத்துப் போடுவாராம்.

“சாப்புடுறதுக்கா அம்புட்டுத் தூரத்துல இருந்து வாராங்க?”

“ஆமாம்மா. இப்பல்லாம் அப்படித்தான்.”

பிரியாணி தின்ன எரியோடு வரைக்கும் வருகிறவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. பெண்ணைப் பெற்றவளிடம் பேச்சை ஆரம்பிக்க நாலு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி நிறையவே கேள்விப்பட்டிருக்கிறேன்.

வேன் வந்து நின்றது. மகள் இறங்கினாள். தொளதொளச் சட்டைதான். கட்டிப்பிடித்தாள், நான் வயிற்றைத்தான் கவனித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பின்னாலேயே அந்த ரெஸ்டாரெண்டு நடத்தும் தாடிக்காரன் இறங்கி, அவளுடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். “பாத்துங்க, உள்ள ஒடையற சாமான் இருக்குதுங்க” என்று வேன் டிரைவரிடம் சொன்னான். அவள் பையில் என்ன இருக்கிறது என்று பெற்றவளுக்குத் தெரியாது, இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

“தம்பி எந்த ஊரு?”

“தொப்பம்பட்டிங்கம்மா. பழனிக்குப் பக்கமுங்க. அப்பறம் படிப்பு, வேலைன்னு வெளியிலயே இருந்துட்டேனுங்க.”

அடேயப்பா, ‘ங்க’ ஒவ்வொன்றும் அவன் வாயிலிருந்து வெல்லமாக வந்தது. அம்மா அப்பா என்ன செய்கிறார்கள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், கல்யாணம் ஆகிவிட்டதா என்று வரிசையாகக் கேட்டேன். ஆகவில்லையாம். மகள் என்னை முறைத்தாள். அவள் முறைத்ததையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்ததும் பப்பாளிப் பழத்தை அறுத்துக் கொண்டுபோய் வைத்தேன். இதை உபசாரம் என்று நினைத்தார்கள் பாவம். வயிற்றில் பிள்ளை இருக்கிற எவளும் எங்கள் பக்கம் பப்பாளியைத் தொட மாட்டாள் என்பது அந்தக் கூட்டத்தில் என் மகளுக்கு மட்டும்தான் தெரியும். சென்னையிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி தின்றார்கள். பெங்களூரில் இருந்து வந்த கண்ணாடி போட்ட அம்மா தின்றார். மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“எனக்கு வேணாம்மா. நாளைக்கு வரைக்கும் அதெல்லாம் நான் தொடக் கூடாது.”

“யாரு தொடக் கூடாதுன்னது?”

“அது அப்படித்தான்மா.” தாடிக்காரனைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

எள்ளுருண்டையை நீட்டினேன். அதுவும் வேண்டாமாம். காபி? வேண்டாமாம். 

டவுனுக்குப் பிரியாணி சாப்பிடப் போனபோது நானும் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கூப்பிடவில்லை, ஆனால் ஏறினேன். ஒரு பாய் கடை. சீரகச் சம்பா அரிசியில் ஆட்டுக்கறி போட்டு, தம் உடைக்கும்போதே தெரு முனை வரைக்கும் மணக்கும். மற்றவர்கள் இலையைப் பார்த்ததும் போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். என் மகள் ஒரு பிடி சோற்றை எடுத்து மூக்குக்குக் கிட்டே வைத்துக் கண்ணை மூடினாள். திரும்பவும் மோந்தாள். கடைக்கார பாய்க்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

“என்னம்மா, பாப்பா மோந்து மோந்து பாக்குது? கறி இன்னைக்கு அறுத்ததுதாம்மா, அல்லா சத்தியமா.”

“ஐயோ பாய், அதுக்கில்ல. கல்பாசி வாசனை நல்லா இருக்கு. பட்டை கம்மியாப் போட்டிருக்கீங்க, இல்ல?”

பாயின் முகம் மாறிவிட்டது. “நீங்க எந்தக் கடையிலம்மா இருந்து வாரீங்க?” என்று என்னிடம் திரும்பினார். பாயும் என் ஜாதிதான், சந்தேக ஜாதி. இல்லை பாய், இது என் மகள், சும்மா சாப்பிட வந்தோம் என்று சமாதானம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நாங்கள் கை கழுவிவிட்டு வெளியே வரும் வரைக்கும் கல்லாவில் இருந்தபடி எங்கள் மேல் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரம் ஏது? என் மகள் அந்த ஒரு பிடியைத் தவிர வேறு எதையும் சாப்பிடவில்லை. பிரியாணி வாடை பிடிக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தாடிக்காரன் கூட நின்றான். திடீரென்று குனிந்து தென்னை மரத்து மூட்டில் துப்பினாள். வாயைத் துடைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் குனிந்து துப்பினாள். அவன் தண்ணீர்ச் சொம்பை நீட்டினான். அவள் கொப்பளித்தாள்.

 இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்! அக்கா வந்தாள். அவளும் ஜன்னல் பக்கம் பார்த்தாள். என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை நான் சொல்லியாக வேண்டும். அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்ற துக்கம்தான். விருந்து முடியட்டும், வந்தவர்கள் போகட்டும், பிறகு அந்தத் தொப்பம்பட்டிக்காரனை உட்கார வைத்துப் பேசிக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

விருந்து! அதை விருந்து என்று சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். தென்னை மரத்தடியில் நீளமாக மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். காலையில் இருந்து அந்தப் பையன் அடுப்போடு மல்லுக்கட்டினான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் தட்டு வந்தபோது எனக்கும் அக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பங்கூழைத் தட்டில் மெழுகின மாதிரி தடவி, நடுவில் வதக்கின சின்ன வெங்காயம் ஒன்றை வைத்திருந்தான். ஒன்றே ஒன்று. அடுத்து, ஒரு கரண்டியில் முருங்கைப்பூ. அதற்கடுத்து, கைப்பிள்ளைக்கு ஊட்டுகிற அளவுக்குச் சீரகச் சம்பாச் சோறு, அதன் தலையில் ஒரு கறித்துண்டு. அந்தக் கறி வாயில் வைத்ததும் கரைந்தது, உண்மை. அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“தம்பி, ருசி பாக்கக் குடுத்தீங்க, சரி. சாப்பாடு எப்ப போடுவீங்க?” என்று அக்கா கேட்டேவிட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “இதேதானுங்கம்மா சாப்பாடு. இன்னும் நாலு தட்டு இருக்குதுங்க.”

ஒவ்வொரு தட்டோடும் ஒரு குட்டிக் கண்ணாடி கிளாஸ் வந்தது. அதில் தண்ணீர் மாதிரி எதையோ என் மகள்தான் ஊற்றினாள். ஓமத் தண்ணீர் போல ஏதோ செரிமானத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அக்காவுக்கும் ஊற்றவில்லை, மோர் வைத்திருந்தாள். வந்தவர்கள் ஒரு வாய் சாப்பிடுவார்கள், கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோவார்கள், கொஞ்சம் உறிஞ்சுவார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள். கோவிலில்கூட இவர்கள் இப்படிக் கண்ணை மூடியிருப்பார்களா என்று தோன்றியது.

சென்னைக்காரப் பெண் சொன்னாள், “உங்க பொண்ணு மூக்கு லட்சத்துல ஒண்ணும்மா. ஒரு கிளாஸ்ல அஞ்சாறு வாசனை இருந்தா ஒவ்வொண்ணாப் பிரிச்சுச் சொல்லிடுவாங்க.” பிறகு மகளைப் பார்த்து, “யாரு உங்களுக்கு இப்படிப் பழக்குனது?” என்றாள்.

“எங்கம்மாதான்” என்றாள் மகள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

சமையலைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த தட்டுக்கு, “இது எங்க வீட்டு நார்த்தை” என்று சொல்லி ஊற்றினாள். ஓஹோ, நான் அனுப்பின பெட்டியெல்லாம் இதற்குத்தானா! பெங்களூர் அம்மா கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போனை எடுத்தார். நம் மரத்துக் காய்தானே என்று அந்தக் கிளாஸை எட்டி எடுத்து மூக்கில் வைத்தேன். முதலில் குளியலறைக்குப் பின்னால் போய் நின்ற மாதிரி இருந்தது. நார்த்தை இலையைக் கசக்கின வாசனை, அப்புறம் காயின் தோல். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. என் வீட்டுக்காரர் சட்டையை அத்தனை வருஷம் துவைத்தவள் நான். அந்த வாடை எனக்குத் தெரியாதா?

நிமிர்ந்தேன். எதிரே என் மகள் தன் கிளாஸை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மேசையைச் சுற்றிப் போய் அவள் கையைத் தட்டிவிட்டேன். கிளாஸ் தெறித்துப் போய்த் தென்னை மூட்டில் விழுந்தது.

“வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு சாராயம் குடிக்கிறியேடி, பாவி!”

  தாடிக்காரன் கையில் தட்டோடு முழி முழியென்று முழித்தான். சென்னைப் புருஷன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டார்கள். பெங்களூர் அம்மா மட்டும் பாஷை புரியாமல், யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

மகள் பக்கத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்து, வாயில் இருந்ததை அதில் துப்பினாள். அந்தக் கிண்ணம் மேசையில் முதலில் இருந்தே இருந்தது. அதில் ஏற்கெனவே பாதி வரைக்கும் துப்பியது இருந்தது.

“எந்தப் புள்ள?” என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அறைக்குள் போனதும் அவளுடைய பையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தாள். உள்ளே கண்ணாடி கலகலத்தது. பிறகு என் முன்னால் வந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றாள். மில் வாசலில் நிற்பார்களே, அப்படி.

“ம், பாரு.”

“என்னடி இது?”

“பாருன்னு சொல்றேன்ல. என் பையத் தொட்டதே இல்லன்னு ஊரு பூராச் சொல்லுவியே. இப்பத் தொறந்து பாரு. இடுப்பையும் தடவிப் பாரு.”

என் கை பழக்க தோஷத்தில் அவள் இடுப்பு வரைக்கும் போய்விட்டது. தொடுவதற்கு முன்னால் அதை இழுத்துக்கொண்டேன். ஆனால் போனதை அவள் பார்த்துவிட்டாள். 

“பப்பாளிய ஏன் தள்ளி வச்ச?” என்றேன். 

“தின்னா அந்த வாசனை நாக்குலயே நிக்கும்மா. ருசி பாக்க முடியாது. காப்பி, காரம், பிரியாணி எல்லாம் அதுக்குத்தான் வேணாம்னேன்.”

“காலையில துப்புனியே?”

“எங்க கம்பெனியில காய்ச்சுற சரக்கை வெயிலுக்கு முந்தி ஒருக்கா சரிபாத்தோம். வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருவோம். அதுதான் வேலை. நார்த்தங்காயும் புளியங்காயும் அதுல வாசனை ஏத்தத்தான் கேட்டேன். புள்ளையாம் புள்ள!” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

பிள்ளை இல்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட என்னிடம் தங்கவில்லை. பிள்ளை என்றால்கூட நான் தாங்கியிருப்பேன், தூக்கி வளர்த்திருப்பேன், ஊரை எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன். இது என்ன?

“ஒங்கப்பனை முழுங்குனதையாடி நீ காய்ச்சுற? ஒலகத்துல வேற வேலையே இல்லையா ஒனக்கு?”

“எனக்கு நல்லாத் தெரிஞ்சது இது ஒண்ணுதாம்மா. மேல என்ன இருக்கு, அடியில என்ன இருக்குன்னு பிரிச்சுச் சொல்றது. அது எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு நெனைக்கிற? காலேஜ்லயா சொல்லிக் குடுத்தாங்க?” விரித்த கைகளை அவள் இன்னும் இறக்கவில்லை. “நீ அடுப்படியிலேயே நின்னுக்கிட்ட. நான்தானே தெனமும் போனேன்.”

 அவர் வாயை நான் ஒருநாளும் கிட்டப் போய் மோந்ததில்லை. எனக்கு அது அருவருப்பு. பயமும்கூட. அதனால்தான் பிள்ளையை அனுப்பினேன்.

“ஒரு சொட்டு நான் முழுங்குனதில்லம்மா. சத்தியமா. ஒன்ட்ட மறைச்சது தப்புதான். சொன்னா நீ வாசல்லயே நிறுத்தியிருப்ப.” மூக்கை உறிஞ்சினாள். “நம்பலேன்னா ஊதச் சொல்லு. சொந்தக்காரவுங்களையெல்லாம் சொல்லுவேல்ல. இல்ல, நீயே வந்து மோந்து பாரு.”

வெளியே யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. நான் கிட்டே போனேன். அவள் சின்னப் பிள்ளையில் அவள் அப்பாவைக் கட்டிக்கொள்வது போல, கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, அவள் வாய்க்கு நேராக என் முகத்தைக் கொண்டுபோனேன். அவள் மெதுவாக ஊதினாள். மேலே நார்த்தை இலை இருந்தது. அடியில் அதுதான் இருந்தது.

முழுங்கியவள் வாயும் துப்பியவள் வாயும் ஒரே வாசனைதான் வீசும். எத்தனை தடவை மோந்தாலும் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இந்த வயதில் முதல் தடவையாக மோந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும்.

என்ன என்பது போல அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ இப்போது நான்தான் தலையை ஆட்ட வேண்டும். அடுப்படியில் சண்டை வேண்டாம் என்று, எத்தனை சாயங்காலம் இந்தப் பிள்ளை என் முன்னால் வந்து நின்று பொய்யாகத் தலையை ஆட்டியிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.